சாகாத சாட்சி

மேட்டுநகரில் காலையில் எழுந்தவர்கள் முதலில் சமையலறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார்கள். பல் தேய்ப்பது, காபிக்குத் தண்ணீர் வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். சுவரிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் நேராக அந்தப் பெட்டிக்குள் நுழையும். மறுபக்கம் வெளியேறி, ஓர் அடைப்பானைத் தாண்டித்தான் சமையலறைக் குழாயை எட்டும். பெட்டிக்குள் ஒரு பிடி பாசி, ஒரு காய்ந்த வாதுமை இலை, சுண்டுவிரல் நக அளவில் பத்து இறால்கள். மேல்மூலையில் மிளகு பருமனில் ஒரு கேமரா. அதற்கு ‘எண்ணிக் கண்’ என்று பெயர். இரவு பகல் பாராமல் அது இறால்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஜெசிந்தா அன்று இரண்டு முறை எண்ணினாள். பத்தும் இருந்தன. சிவந்த கெம்புக் கல் போல மினுங்கிக்கொண்டு வாதுமை இலையின் நரம்புகளைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. பத்தும் இருந்தால் நல்ல தண்ணீர். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, பாலோடு அடுப்பில் வைத்தாள். ஆனாலும் அங்கே நிற்க முடியவில்லை. பால் பொங்குவதற்குள் மூன்று முறை பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பால்கனியில் அவளுடைய தொட்டிகள் இருந்தன. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு என்று வரம்பு. பதினொன்றில் இறால் வளர்த்தாள். பன்னிரண்டாவது தொட்டியில் முப்பது கப்பி மீன்கள். அவை விற்க அல்ல, ஆசைக்கு வளர்ப்பவை. கப்பித் தொட்டிக்கு எப்போதும் மழைநீர்தான் ஊற்றுவாள். அந்த மாதம் மழை ஏமாற்றியதால் பீப்பாய் காய்ந்துபோய், செவ்வாய்க்கிழமை குழாய்த் தண்ணீர் ஊற்றினாள். புதன்கிழமை மாலை நான்கு மீன்கள் செத்து மிதந்தன. இன்று வியாழன். ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் உதிர்ந்து அடியில் கிடந்தன. ஒரு சாண் தள்ளி, அதே குழாய்த் தண்ணீர் நிரம்பிய தொட்டியில், வயிற்றில் முட்டை கட்டிய இறால்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

வெயில் தாங்காமல் செத்திருக்கும் என்றான் கணவன் ரொசாரியோ. நீ தீனி அதிகமாகப் போட்டிருப்பாய் என்றும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான். அவள் தன் தம்ளரைத் தொடவில்லை.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கடல் ஏறிவந்து காசிமேடு மூழ்கியபோது உள்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள். ஏழாம் கோபுரத்தில் லிஃப்டுகளை மேற்பார்க்கும் வேலை. வேலை முடிந்ததும் தொட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். வலையால் பாசி விலக்குவது, குஞ்சுகளைப் பிரிப்பது, நிறம் மங்கியவற்றை ஒதுக்குவது என்று இரண்டு மணி நேரம் போவது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்த்தளத்துச் சந்தையில் பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்து இறாலும் பாசியும் விற்பாள். மேட்டுநகரில் இப்படி வளர்ப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். சட்டமே அதைத்தான் எதிர்பார்த்தது.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்தவை உணரிகள். சென்சார் என்றால்தான் பலருக்குப் புரியும். எட்டு மாதம் அவை பச்சை விளக்கே காட்டிக்கொண்டிருந்தன. அந்த எட்டு மாதத்தில் தொள்ளாயிரம் பேர் படுக்கையில் விழுந்தார்கள். உணரிகளின் அளவுகோலை யாரோ மாற்றிவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கருவிக்கு ஆளுக்கேற்றபடி சொல்லிக்கொடுத்துவிடலாம், உயிருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று அந்த வழக்கின் தீர்ப்பில் எழுதினார்கள். அதிலிருந்து வந்ததுதான் சாட்சிச் சட்டம். ஒரு நாளில் பெட்டியில் மூன்று இறால்கள் செத்தால் அடைப்பான் தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் வழங்கும் நீரவை உடனே வந்து பார்க்க வேண்டும். இறால்களை நீரவை வளர்க்கக் கூடாது, பொதுமக்கள்தான் வளர்க்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அடைப்பான் மூடினால் திறக்க நான்கு நாள் ஆகும். நீங்கள்தான் சோப்பு நுரை தெறிக்கவிட்டீர்கள், நீங்கள்தான் கொசு மருந்து அடித்தீர்கள் என்று வீட்டுக்காரரையே குடைவார்கள். குடத்தோடு பத்து மாடி ஏறி இறங்க வேண்டும். நாளடைவில் மக்களுக்குத் தண்ணீர் மேலிருந்த பயம் போய், இறால் செத்துவிடுமோ என்ற பயம் வந்தது. சந்தையில் எல்லாரும் கேட்டது சாகாத இறால். ஜெசிந்தாவிடம் அது கிடைத்தது. அவளுடைய ‘கெம்பு’ ரகம் சில வருடமாகவே பெயர் வாங்கியிருந்தது. போன வருடம் நீரவையே அவளை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

அன்று லிஃப்ட் அறையில் அவளால் உட்கார முடியவில்லை. பதினாறாம் மாடி அழைப்பை ஆறாம் மாடிக்கு அனுப்பினாள். மதியம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பழைய காலனிக்குக் குணாளனைப் பார்க்கப் போனாள்.

குணாளன் ஐம்பத்தைந்து வயது ஆள். தச்சு வேலை செய்பவர். வளர்ப்பாளர்களில் மூத்தவர். நிறமே இல்லாத கண்ணாடி இறால் ஒன்றைப் பத்தொன்பது வருடமாக மழைநீரிலேயே வளர்த்துவந்தார். அதற்குப் பின்னால் என்ன வைத்தாலும் தெரியும். அழகும் கிடையாது, உரமும் கிடையாது. கெம்பு வந்த பிறகு அவரிடம் வாங்க ஆள் வருவதில்லை. ஜெசிந்தாவோடு முகம் கொடுத்துப் பேசியும் நான்கு வருடமாகிறது.

வாசலில் நின்றவளைப் பார்த்து, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். பத்து கண்ணாடி இறால் வேண்டும் என்றாள்.

“உன்னாண்ட இல்லாத இறாலா?” என்றார்.

“என்னுது சாகவே மாட்டேங்குதுண்ணே.”

குணாளன் வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து, பையைத் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு கெம்பு இருந்த தொட்டியில் அவிழ்த்துவிட்டாள். மணி நாலு. புதிய இடம் என்று அவை முதலில் மூலையில் ஒதுங்கின. நாலரைக்கு ஒன்று சுழன்று சுழன்று நீந்தத் தொடங்கியது. ஐந்துக்கு நான்கு இறால்கள் மல்லாந்து கால்களை உதறின. ஐந்தே முக்காலுக்குப் பத்தும் வெள்ளையாகிக் கிடந்தன. வேகவைத்த இறாலைப் போல. கெம்பு இறால்கள் கூட்டமாக வந்து அவற்றைத் தின்னத் தொடங்கின. இறால் செத்த இறாலைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று பார்க்க முடியாமல் துணியைப் போட்டுத் தொட்டியை மூடினாள்.

கெம்பு மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கெம்பு பிறந்த கதை அவளுக்குத்தானே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் மாடி உமையாள் ஒரு எவர்சில்வர் தம்ளரில் இரண்டு இறாலைக் கொண்டுவந்தாள். அந்த வருடம் அவள் வீட்டு அடைப்பான் ஐந்து முறை மூடியிருந்தது. கோபுரத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குச் சமைத்துக் கொடுப்பது அவள் வேலை. தண்ணீர் நின்றால் இருபத்தாறு குழந்தைகளுக்குச் சாப்பாடு நின்றுவிடும். எட்டு செத்தும் இந்த இரண்டும் சாகவில்லை, இதன் குட்டிகளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். ஜெசிந்தாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அதன் பிறகு எந்த வீட்டில் இறால் செத்தாலும் பிழைத்ததைக் கேட்டு வாங்கி வந்து அதிலிருந்தே குஞ்சு எடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை. இருபத்து நான்கு தலைமுறை. ஒவ்வொரு தடவையும் எது தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொல்லியதோ அது செத்துக் குப்பைக்குப் போனது. எது சொல்லாமல் இருந்ததோ அதைத் தாயாக்கினாள். உயிருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று கோர்ட் எழுதியதைத் தான் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொய்யாக்கிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ரொசாரியோவிடம் குழாய்த் தண்ணீரைத் தொடாதே என்றாள். காரணத்தைச் சொன்னதும் அவன் செருப்பை மாட்டினான். பிறகு கீழே போய்க் கடையில் இரண்டு கேன் தண்ணீர் வாங்கிவந்தான்.

மறுநாள் காலை அவள் உமையாள் வீட்டுக்குப் போனாள். ஹாலில் உமையாளின் மகள் நிறைமதி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் காட்டு என்றாள். உள்ளங்கையில் தோல் தடித்து, மக்காச்சோள மணி போலச் சிறு முடிச்சுகள். எழுந்து நடக்கச் சொன்னாள். குழந்தை சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தது. கால் மரத்துப்போகிறதாம், ஒரு மாதமாக. டாக்டர் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்.

சமையலறையில் காப்பகத்துச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா எதையும் சுற்றிவளைக்காமல் சொன்னாள். கப்பி செத்தது, கண்ணாடி இறால் செத்தது, கெம்பு சாகாதது.

உமையாள் பெட்டியைக் காட்டினாள். “பத்தும் இருக்குக்கா. காலைல எண்ணித்தான் உலை வெச்சேன்.”

“அதுங்க எதுக்கும் சாகாதுடி. அப்படித்தான் நான் வளர்த்து வெச்சிருக்கேன்.”

உமையாள் அடுப்பை அணைத்தாள். அணைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவள் கத்துவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“தம்ளர்ல கொண்டாந்து குடுத்தது நான்தானே” என்றாள் உமையாள், குரல் உயராமல்.

பிறகு சாம்பார் அண்டாவைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். சாதத்தையும் கொட்டினாள். காப்பகத்துக்குப் போன் போட்டு இன்று சாப்பாடு வராது, குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா அங்கிருந்து நேராக நீரவை அலுவலகத்துக்குப் போனாள். செத்த கண்ணாடி இறாலில் மிஞ்சிய ஓடுகளை ஒரு டப்பாவில் எடுத்துப் போயிருந்தாள். சாட்சிப் பிரிவு அதிகாரி அவளை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஏழாம் கோபுரத்தின் எண்ணிக்கையைத் திரையில் வரவழைத்தார். நூற்று எழுபத்தாறு வீடு. பதினான்கு மாதமாக ஒரு அடைப்பான்கூட மூடவில்லை.

“உங்க பெட்டில பத்தும் உசுரோட இருக்கு மேடம். சட்டம் அத மட்டுந்தான் பாக்கச் சொல்லுது” என்றார். “பலவீனமான ரகத்தக் கொண்டாந்து விட்டு, அது செத்துருச்சுன்னா, அது அந்த ரகத்தோட குத்தமாத்தான் ஆகும்.”

“அப்ப எது செத்தா ஒத்துப்பீங்க?”

அவர் திரையை அணைத்தார். தண்ணீரை நீங்களே ஒருமுறை சோதியுங்கள் என்று கெஞ்சினாள். நீரவை தானே சோதித்துக்கொள்வதைத்தான் சட்டம் தடுத்தது என்றார், அதில் பொய்யும் இல்லை. புகார் அடிக்கடி வரும் வீடுகளுக்குக் கெம்பு வாங்கிக்கொள்ளச் சொன்னது தாங்கள்தான் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

அவள் எழுந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். ஒரே கோபுரத்தில் ஒரே நாளில் முப்பது அடைப்பான் மூடினால் விஷயம் நீரவையின் கையை விட்டுப் போய்விடும். கோர்ட் அமர்த்திய ஆய்வகம் வந்தே ஆக வேண்டும். அவர் உதவி செய்கிறாரா, விதியைச் சொல்லித் தன்னை அனுப்பிவைக்கிறாரா என்று ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. ஆனால் வெளியே வந்தபோது அவள் முப்பது வீடு, வீட்டுக்கு மூன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உரிமம் பெற்ற வளர்ப்பாளரின் இறாலை யார் வேண்டுமானாலும் தங்கள் பெட்டியில் சேர்க்கலாம். மூன்று செத்தால் போதும். கெம்பு பத்தும் உயிரோடு இருந்தாலும் அடைப்பான் மூடிவிடும்.

மறுபடி பஸ் ஏறினாள். குணாளன் முழுவதையும் கேட்டார். தன்னிடம் இருப்பது மொத்தம் இருநூறுதான் என்றார். சாகப் போகிறவை என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடம் வெளித்தண்ணீர் படாமல் காத்தவை.

“இதுங்க சீக்கிரம் செத்துப்போவுதுன்னுதானே என்னாண்ட வர்றத நிறுத்துனாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நெடுநாள் சொல்லாமல் வைத்திருந்ததை இறக்கிவைத்தது போலிருந்தது.

சனிக்கிழமை காலை நூற்றிருபதைத் தானே எண்ணி, மூன்று மூன்றாக நாற்பது சிறு பைகளில் போட்டு, ஐஸ்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஏழாம் கோபுரத்துக்கு வந்தார்.

ஜெசிந்தா இருபத்திரண்டாம் மாடியிலிருந்து கதவு தட்ட ஆரம்பித்தாள். எல்லாரும் தெரிந்தவர்கள், எல்லாரும் அவளிடம் வாங்கியவர்கள். கதவைத் திறந்து சிரித்தார்கள். விஷயம் கேட்டதும் சிரிப்பு போயிற்று. நாலு நாள் தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது என்றார்கள். மாமியார் படுக்கையில் இருக்கிறார் என்றார்கள். கெம்பை விற்றது நீதானே, இப்போது நீயே வந்து நம்பாதே என்கிறாயே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் குணாளனின் சரக்கை விற்க இப்படி ஒரு வழியா என்றார். மதியம் ஒரு மணிக்குள் அறுபது வீடு ஏறியிருந்தாள். நான்கு பேர்தான் பை வாங்கியிருந்தார்கள். அவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே எழுந்துகொண்டாள். கால் கடுத்தது, ஆனால் உட்கார்ந்தால் நிறைமதியின் உள்ளங்கை கண்ணுக்குள் வந்தது.

மூன்று மணிக்கு உமையாள் வந்தாள். இடுப்பில் மகள். எட்டு வயதுக் குழந்தையைச் சுமந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். காப்பகத்தில் இன்னும் ஏழு குழந்தைகளுக்குக் கை இப்படித்தான் இருக்கிறது, நானே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன் என்றாள். ஜெசிந்தாவின் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணிடம் அவள் இறாலைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. மகளின் கையை விரித்துக் காட்டினாள்.

“நான் சமைச்சுப் போட்டதுல வந்தது இது” என்றாள். “உங்க வீட்டுப் புள்ளைங்க கையையும் ஒருவாட்டி பாத்துருங்க.”

அந்தப் பெண் உள்ளே போனாள். உள்ளே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

மாலை ஏழு மணிக்குள் முப்பத்து நான்கு வீடுகள் வாங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பையைப் பெட்டிக்குள் கவிழ்க்க வேண்டும் என்று பேச்சு. ஜெசிந்தா தன் வீட்டுப் பெட்டியில் மூன்றை விட்டாள். ரொசாரியோ பக்கத்தில் நின்றான். குணாளன் வரவேற்பறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்க்க வரவில்லை.

ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதே காலுக்கு ஒன்று மல்லாந்தது. ஜெசிந்தாவுக்கு ஒரு கணம், தான் நினைத்தது தப்பாக இருக்கக் கூடாதா, இது மட்டும் செத்து மற்ற இரண்டும் பிழைத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவதும் அடங்கியது. எண்ணிக் கண் சிவந்தது. சுவருக்குள் ‘டக்’ என்று அடைப்பான் விழுந்தது.

சற்று நேரத்தில் மேல் வீட்டிலிருந்து அதே சத்தம் வந்தது. பிறகு கீழே எங்கோ ஒன்று. குழாய்கள் வழியாகக் கோபுரம் முழுவதும் அந்தச் சத்தம் இறங்கியது. பக்கத்தில் விழும்போது சுவர் அதிர்ந்தது, தூரத்தில் விழும்போது யாரோ விரலால் தட்டுவது போலக் கேட்டது. ரொசாரியோ எண்ணினான். பத்தே முக்காலுக்கு முப்பத்து மூன்று என்றான். முப்பத்து நான்காவது எந்த வீடு, அங்கே என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

ஆய்வகத்து வண்டி பிற்பகல் வந்தது. முடிவு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. கோடையைச் சமாளிக்கப் பதினான்கு மாதத்துக்கு முன்னால் திறந்த ஆழ்கிணறுகளில் ஆர்சனிக். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரே நாளில் யாரையும் வீழ்த்தாத அளவு. பழைய ரக இறாலாக இருந்தால் முதல் வாரத்திலேயே செத்திருக்கும் என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரும் கெம்பும் போயிருந்த நான்கு கோபுரங்களில் இருநூற்றுப் பதினோரு பேருக்கு மருத்துவம் தொடங்கியது. அவர்களில் நாற்பது பேர் குழந்தைகள். கிணறுகளை மூடினார்கள். நீரவையின் தலைவர் பதவி விலகினார். வடக்கு ஏரியிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தாவின் வாசலில் ஜனங்கள் கெம்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சிலர் பாட்டிலில் கொண்டுவந்து மரியாதையாக வைத்துவிட்டுப் போனார்கள், சிலர் கதவில் வீசினார்கள். விசாரணையில் நீதிபதி, யாராவது உங்களை இப்படி வளர்க்கச் சொன்னார்களா என்று கேட்டார். வக்கீல் முந்திய நாளே பதில் சொல்லிக்கொடுத்திருந்தார், நீரவை ஊக்குவித்தது என்று. அவள் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் சாகாத இறால் கேட்டார்கள், எனக்கும் அதில் பெருமையாக இருந்தது, செத்தது ஏன் செத்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை என்றாள். அவளுக்குத் தண்டனை இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஆறு மாதத்தில் நிறைமதியின் கையில் முடிச்சுகள் மறைந்தன. கால் மரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்றார்கள். உமையாள் காப்பகத்துக்குச் சமைப்பதை விட்டுவிட்டாள். லிஃப்டில் பார்த்தால் ஜெசிந்தாவோடு பேசுவாள், மருத்துவமனைக்குத் துணைக்கும் கூப்பிடுவாள். ஆனால் ஜெசிந்தா வீட்டுக்கு அவள் வருவதில்லை. ஜெசிந்தாவும் காரணம் கேட்டதில்லை.

சட்டத்தைத் திருத்தினார்கள். இனிப் பெட்டிக்குள் போகும் இறால் எளிதில் சாகக் கூடியது என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ரகத்தைப் பெருக்கித் தரும் பொறுப்பைக் குணாளனிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் மிஞ்சியிருந்தது நூற்றுக்கும் குறைவான கண்ணாடி இறால். அவர் ஜெசிந்தாவையும் சேர்த்துக்கொண்டார். இறாலை அவளளவுக்குக் கூர்ந்து பார்க்கிறவர்கள் இந்த ஊரில் இல்லை என்று அதிகாரிகளிடம் சொன்னாராம்.

வேலை விசித்திரமானது. எளிதில் சாவது எது என்று கண்டுபிடிக்க அதைச் சாகவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஆனால் செத்தது குஞ்சு போடாது. அதனால் ஒரு தாயின் குஞ்சுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி மழைநீரில் இருக்கும். மறு பாதியை அளந்து ஆர்சனிக் கலந்த தண்ணீரில் விடுவார்கள். விட்டது எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் செத்தால், மழைநீரிலிருக்கும் உடன்பிறப்புகள் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாகும். ஒன்றே ஒன்று பிழைத்தாலும் அந்தக் குடும்பம் முழுவதையும் சுண்ணாம்புத் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். குணாளன் இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார்.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல், பதினேழாவது தாயின் குஞ்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இருபதை விட்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது மல்லாந்தன. ஜெசிந்தா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது, செத்தவற்றுக்கு நடுவே ஒரு தடவை தடுமாறி, கால்களை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றது. மீசையை நீட்டித் தண்ணீரைத் துழாவியது. பிறகு ஒன்றும் நடக்காதது போல அடியில் கிடந்த பாசித் துணுக்கை எடுத்துத் தின்னத் தொடங்கியது.

அவள் நெஞ்சில் முதலில் வந்தது மகிழ்ச்சிதான். ஆறு வருடம் பழகிய மகிழ்ச்சி, யோசனைக்கு முந்திக்கொண்டு வந்தது. பிழைத்துவிட்டது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது.

குணாளன் நிமிர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நீ போய்க் காற்றாட நில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வேண்டாம் என்றாள். அலமாரியிலிருந்து மழைநீர் ஜாடியை இறக்கினாள். இருபது உடன்பிறப்புகள், எந்தக் கெட்ட தண்ணீரும் படாதவை. வெளிச்சம் அவற்றின் ஊடே போய் அவள் விரல்களைக் காட்டியது. குணாளன் பக்கமிருந்த சுண்ணாம்பு வாளியைத் தன் காலருகே இழுத்தாள். ஜாடியை அதற்குள் சாய்த்தாள்.